ஃப்ளைவீலைப் பார்க்காமல் கிளட்ச் போடாதே

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

மாப்ளே,

பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று உன் தங்கச்சியிடம் புலம்பினாயாம். நீ எத்தனை எழுதினாய் என்று அவளே கேட்டிருப்பாள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மார்க் சமாச்சாரம் நேரில். வாத்தியார் உன்னை விசாரித்தார். இன்னும் அதே சைக்கிள்தான்.

"அந்த டப்பாவை எடைக்குப் போட்டுட்டு வேற வேலையைப் பாருடா" என்று பொங்கலன்று சொன்னாயே, அப்பாவின் மாருதி 800, அது போன வாரம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வால்பாறை போய் வந்துவிட்டது. ஆழியாரில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறியது. எங்கேயும் முனகவில்லை. நீ சொன்னதை நீயே வாபஸ் வாங்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தை மாசக் கடைசியில் இதே வண்டி ஒன்பதாவது வளைவைத் தாண்டவில்லை. லோம்ஸ் வியூ இருக்கிற வளைவு, உன் கண்ணாடியைக் குரங்கு கொண்டுபோன இடம். இரண்டாவது கியரில் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகின வாடை உள்ளே வந்துவிட்டது. ஓரங்கட்டி ஆறவிட்டு, திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம். வீட்டு வாசலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன். பிடிக்கிற கிளட்சாக இருந்தால் இன்ஜின் அங்கேயே அணைந்துவிட வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கோபம் எதில் என்றால், அந்த கிளட்ச் பிளேட் ரொம்பப் பழசு இல்லை. அப்பா இருக்கும்போதே ஒரு பட்டறையில் மாற்றினது. மாற்றிக் கொண்டுவந்த அன்றிலிருந்தே முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறும். "புது பிளேட் சார், செட் ஆகிடும்" என்றார்கள். அப்பா நம்பவில்லை. "பிளேட்டை மட்டும் பார்த்திருக்கானுங்க, எதுல ஒட்டுதுன்னு பார்க்கலை" என்று அன்றைக்கே சொன்னார். அங்கே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது, அதைச் சொல்ல அவர் இல்லை.

இந்த முறை நேராக நம்ம மெக்கானிக் பாயிடம் போனேன். கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்டை உருவி, கியர் பாக்ஸை இறக்கினார். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கிளட்ச் பிளேட் கையோடு வந்தது. ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. அவர் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறதே, ஃப்ளைவீல், டார்ச்சை அதன் மேல் அடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். வட்ட வட்டமாகப் பள்ளம், நடுநடுவே நீலம் பாரித்த திட்டுகள், திட்டுக்குள் மயிரிழை மாதிரி கீறல். புது பிளேட்டை இதன் மேல் வைத்து முடுக்கிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள்.

நீ மெக்கானிக்கல் படித்தவன், இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வாய். நம் லேப் நோட்டை யார் எழுதினது என்று எனக்கும் தெரியும், அதனால் பேசாமல் கேள். கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் வேலை. ஒரு பக்கம் பிரஷர் பிளேட் அழுத்துகிறது, மறு பக்கம் ஃப்ளைவீல் தாங்குகிறது. கிளட்ச் செட் வாங்கினால் பெட்டிக்குள் பிளேட், பிரஷர் பிளேட், மிதிக்கும்போது பிளேட்டை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் வரும், ஃப்ளைவீல் வராது. பெட்டியில் வராததை யாரும் பார்ப்பதும் இல்லை. ஃப்ளைவீலின் முகம் மேடு பள்ளமாக இருந்தால் புது பிளேட் மேட்டில் மட்டும்தான் ஒட்டும். மொத்த பாரமும் அந்த மேட்டில் ஏறும், அங்கே சூடாகும், பிளேட் பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும். எடுக்கும்போது உதறினதும், மலையில் வழுக்கினதும் ஒரே வியாதியின் முன்னும் பின்னும்தான்.

ஃப்ளைவீலைக் கழற்றுவதற்கு முன் பாய் அதைத் தாங்குகிற இன்ஜின் தண்டான கிராங்க்கிலும் அதிலும் பஞ்ச் வைத்து அடையாளம் போட்டுக்கொண்டார். ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துக்கு எடுத்துப்போனோம். அங்கே இருந்த பெரியவர் நீலத் திட்டைப் பார்த்ததும், "இதுக்கு லேத்து வேண்டாம், கல்லுலதான் பிடிக்கணும்" என்றார். அதிகமாகச் சூடேறி ஆறின இடத்தில் வார்ப்பிரும்பு கெட்டிப்பட்டுவிடுமாம். லேத் உளி அந்த இடம் வந்ததும் ஏறிக் குதிக்கும், மற்ற இடம் இறங்கும், திட்டு மேடாகவே நிற்கும். கிரைண்டிங் கல் இரண்டையும் ஒரே மட்டமாக எடுக்கும். முகம் சுத்தமாகிற அளவுக்கு மட்டும் எடுத்தார். நிறைய எடுத்தால் கனம் குறையும், பிளேட் பின்னால் போய் ரிலீஸ் பேரிங்கின் அளவு மாறும். கீறல் ஆழமாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பாராம். நமக்கு மேலாகவே போய்விட்டது.

நான் அங்கிருந்து நகரவே மனமில்லாமல் நின்றதற்குக் காரணம் வேறு. ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றி ஸ்டார்ட்டர் கடிக்கிற பல் வளையம் இருக்கும், அந்த ரிங்கின் பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் பல் நன்றாக இருக்கிறது, மூன்றே இடத்தில் தேய்ந்திருக்கிறது. சரியாக மூன்று. ஏன் என்று யோசித்துப் பார். 796 சிசி, மூன்று சிலிண்டர். கிராங்க் 240 டிகிரி சுற்றினால் ஒரு வெடிப்பு. அணைக்கும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் அழுத்தத்தில் முட்டித்தான் இன்ஜின் நிற்கும், அதனால் பெரும்பாலும் அந்த மூன்று இடத்தில் ஒன்றில்தான் நிற்கும். அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட்டரின் பல் அதே இடத்தில்தான் வந்து கடிக்கும். அப்பா சாவி போட்ட ஒவ்வொரு காலையும் அந்த இரும்பில் பதிந்திருந்தது, மாப்ளே. பழைய ரிங்கைச் சூடாக்கித் தட்டி எடுத்துவிட்டு, புது ரிங்கைச் சூடாக்கி இறக்கினார். ஆறினதும் அது இறுகப் பிடித்துக்கொண்டது. வெல்டிங் கிடையாது.

அந்த 240 டிகிரி இடைவெளியில் இன்ஜினை இழுத்துக்கொண்டு போவதே ஃப்ளைவீலின் கனம்தான். உங்கம்மாவின் தையல் மெஷினில் மிதியை விட்டாலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்குமே, அதே வேலை. மூன்று சிலிண்டர் வண்டிக்கு அது இன்னும் முக்கியம்.

திரும்பக் கோர்ப்பதில் பாய் அவசரப்படவில்லை. கிராங்க் பின் ஆயில் சீல், கியர் பாக்ஸ் ஷாஃப்ட் சீல் இரண்டும் புதுசு. ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் புது பிளேட் வழுக்கும். முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்த பிறகு யாரையும் விரல் வைக்கவிடவில்லை. டம்மி ஷாஃப்ட் விட்டு மையம் பார்த்து, போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். கடைசியில் கிளட்ச் கேபிளில் சரியான இடைவெளி வைத்தார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கியர் பாக்ஸ் இறங்கினதும், பட்டறைப் பையன் ஏர் குழாயை எடுத்து உள்ளே இருந்த கறுப்புத் தூசியை ஊத வந்தான். நான் தடுத்துவிட்டேன். பழைய கிளட்ச் லைனிங்குகளில், அதாவது பிளேட்டில் உராய்கிற பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் நோய் தெரிய பல வருஷம் ஆகும், தெரியும்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. எந்த வண்டியில் எந்த லைனிங் என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஈரத் துணியால் துடைத்தால் போதும். அவனுக்கு நம் பெரியவனைவிட ஒரு வயசுகூட இருக்காது. பாயிடம் சொன்னேன். "நாங்க எல்லாம் வாயாலயே ஊதினவங்க தம்பி" என்றார், அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. மாஸ்க் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட்டுக்கொள்கிறானா என்று போகிறபோதெல்லாம் பார்க்கிறேன். உன் ஊர்ப் பட்டறையிலும் நீ சொல்ல வேண்டும்.

உன் டீசல் வண்டியும் எடுக்கும்போது உதறுகிறது என்று தங்கச்சி சொன்னாள். சிக்னலில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைக்கிற பழக்கத்தை நீ விட்டிருக்க மாட்டாய். ஆனால் உன் வண்டியை நான் சொன்ன மாதிரி செய்துவிடாதே. பல டீசல் வண்டிகளில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் வருகிறது. நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக இருக்கும், அதைச் சாதாரண ஃப்ளைவீல் மாதிரி கல்லில் பிடிக்க முடியாது. கையால் திருப்பி, ஆட்டிப் பார்த்து, கம்பெனி சொல்கிற அளவுக்கு மேல் ஆடினால் மாற்றத்தான் வேண்டும். விலை அதிகம். உன்னுடையதில் எந்த வகை என்று முதலில் கேள். கியர் பாக்ஸ் இறங்கும்போது பக்கத்திலேயே நில், கழற்றின ஃப்ளைவீலை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு பாயிடம் கேட்டுச் சொல்கிறேன். அதற்கு முன் எதையும் பூட்டவிடாதே.

சித்திரையில் வருகிறாய் அல்லவா? மாருதியிலேயே ஸ்டேஷனுக்கு வருகிறேன். அத்தைக்கு என் வணக்கம். புளியமரத்து விஷயத்தை உன் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், நான் சொல்லிவிடுவேன்.

உன்,
பங்காளி