லிங்க் 20 சென்டிமீட்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய நில அளவுகளை மீட்டருக்கு மாற்றிக்கொள்ள ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். பத்திரக் கட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ள அதைப் பலரும் கத்தரித்திருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். அதில், நில அளவைச் சங்கிலியின் நூற்றில் ஒரு பங்கான லிங்க்குக்கு ‘1 லிங்க் = 20 செ.மீ.’ என்று இருக்கிறது. 20.1168 செ.மீ. என்பதே சரி.

ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். ஓர் ஏக்கர் என்பது சரியாக ஒரு லட்சம் சதுர லிங்க். ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க். 5 ஏக்கர் நிலத்தை உங்கள் அட்டவணைப்படி மாற்றினால் 20,000 சதுர மீட்டர், அதாவது அச்சாக 2 ஹெக்டேர் வரும். வர வேண்டியதோ 20,234. விட்டுப்போன 234 சதுர மீட்டரை அடியாக்கினால் ஏறத்தாழ 2,520 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கும் மேல்! பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் எங்கே பிறந்தது என்பது என் போன்ற பழைய சர்வேயர்களுக்குத் தெரியும். நம் பழைய புலப்படங்களில், அதாவது நிலத்தின் அளவு வரைபடங்களில், உள்ள லிங்க், ஆங்கிலேயர் எட்மண்ட் கண்டர் 1620-இல் வகுத்த சங்கிலியைச் சேர்ந்தது. 66 அடி நீளம், 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்று வருவதற்காகவே அந்த மனிதர் 66-ஐப் பிடித்தார். மெட்ரிக் முறை வந்தபின் 20 மீட்டரில் ஒரு சங்கிலி வந்தது. அதிலும் 100 லிங்க். அந்த லிங்க்தான் 20 செ.மீ. உங்கள் அட்டவணை புதிய சங்கிலியின் லிங்க்கைக் கொண்டு பழைய நிலத்தை அளந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஒரு லிங்க் ஓர் அடியாக உள்ள 100 அடிச் சங்கிலியும் புழக்கத்தில் இருந்தது. எனவே ‘325’ என்று எண் மட்டும் உள்ள புலப்படம் கையில் கிடைத்தால், அது எந்த ஆண்டைச் சேர்ந்தது, விஸ்தீரணம் ஏக்கரிலா ஹெக்டேரிலா என்று பார்க்காமல் பெருக்கத் தொடங்கக் கூடாது. கண்டர் சங்கிலி எவ்வளவு நீளம் என்று கண்ணால் காண விரும்பும் இளைஞர்கள் கிரிக்கெட் மைதானத்துக்குப் போகலாம். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே உள்ள 22 கஜம் அதே 66 அடிதான்.

சங்கிலி பிடித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இரு முனைகளிலிருந்தும் ஒரு பல், இரண்டு பல், மூன்று பல், நான்கு பல். நடுவில் வட்ட வில்லை. ஆகவே 30-க்கும் 70-க்கும் ஒரே மூன்று பல் வில்லை. வெயிலில் அவசரமாகப் படித்தால் எது எது என்று தடுமாறும். புலப்படத்தில் ஒரு பக்கம் 40 லிங்க் உதைத்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பெருக்கல் எண்ணும் அதைச் சரிசெய்யாது.

அட்டவணையின் கடைசி வரிசைகளுக்கு வருகிறேன். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று போட்டுவிட்டு, ஒரு வேலி 6.67 ஏக்கர் என்கிறீர்கள். பெருக்கிப் பார்த்தீர்களா? 2,88,000 சதுர அடி, அது 6.61 ஏக்கர். தஞ்சைப் பக்கம் ஒரு மாவை ஏக்கரில் மூன்றில் ஒரு பங்காக வைத்துப் பேசுவார்கள், 6.67 அதிலிருந்து வந்தது. பேச்சுக்கு இரண்டும் சரி, ஒரே அட்டவணையில் இரண்டும் இருக்க முடியாது. சோழர் கால வேலியை இதே எண்ணால் பெருக்குவது அதைவிட மோசம். நிலம் அளந்த கோலைக் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோல் என்றும் வேறு கோல்கள் என்றும் குறிக்கின்றன. கோல் மாறினால் குழி மாறும், குழி மாறினால் வேலி மாறும். சில கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை டேப் வைத்து அளந்தபின் மாற்றுவதுதான் முறை.

பத்திரம் எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. 40 அடி 6 அங்குலத்தை 40.6 அடி என்று எழுதாதீர்கள், அது 40.5. மாற்றிய அளவை எழுதும்போது பழைய அளவையும் பக்கத்திலேயே விட்டு வையுங்கள். பிழை இருந்தால் பின்னால் வருபவர் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது ஓரத்தில் சிறிய எழுத்தில் போடாமல், அட்டவணையை முழுதாக மீண்டும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலி வரிசையை நீக்கிவிட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்,
மன்னார்குடி.