ஐந்தாவது வாக்கியம்

கோபி
வியாழன் இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் வெட்டு ஆரம்பித்துவிட்டது, ஆள்தான் கிடைக்கமாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பையன் போன் பண்ணினான். உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னான். இங்கிலீஷ் வீட்டுப்பாடமாம். மேக், லெட், ஹேவ், கெட், சீ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். "அப்புச்சி, சரியா இருக்கானு பாருங்க" என்று வாசிக்க ஆரம்பித்தான். 32 வருஷம் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாக்கியத்திலேயே தப்பு. 'டீச்சர் மேட் மீ டு ஸ்டாண்ட்' என்று எழுதியிருந்தான். மேக் வந்தால் பின்னால் டு வராது, 'மேட் மீ ஸ்டாண்ட்' அவ்வளவுதான் என்றேன். உடனே "புக்குல வாஸ் மேட் டு ஸ்டாண்ட்னு இருக்கே" என்கிறான். கெட்டிக்காரன், உன்னை மாதிரியே. நிற்க வைத்தவர் பக்கமிருந்து சொன்னால் டு இல்லை. நின்றவன் தன் பக்கமிருந்து சொன்னால் டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று கேட்டான். வழக்கம் அப்படி என்று சொல்லிவிட்டேன். சர்வீஸ் முழுக்க அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

லெட் சரியாக வந்திருந்தது. ஹேவுக்கு முடிவெட்டுகிறவரை இழுத்திருந்தான், எல்லாப் பாடப்புத்தகத்திலும் அந்த மனுஷன்தான் வருவார். கெட் வந்தால் டு வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. நயந்து பேசி, கெஞ்சி, ஒருவரை ஒரு காரியத்துக்கு இணங்க வைத்தால் அது கெட். ஹேவ் அப்படியில்லை. கூலி கொடுத்தோ உரிமையிலோ சொல்கிறோம், நடக்கிறது.

ஐந்தாவதும் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் டீயோடு படுக்காதே. போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய், சரி. பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், அதுவும் சரி. உன் பெரியப்பன் பெண்கள் மூன்று பேரும் பூப்பறிக்க வந்திருந்தார்கள். எங்கே அவள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆபீஸில் அவள் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் ஒரு போனாவது பண்ணியிருக்கலாம் நீ. அம்மா ஆவாரம்பூக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அன்றைக்குச் சாயந்திரம் முழுக்கப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதே.

பையனைத் திட்டாதே. அவன் கேட்டது இலக்கணம்தான். ஐந்தாவது வாக்கியத்தில் 'க்ரை' போடுவதா, 'க்ரையிங்' போடுவதா என்றுதான் கேட்டான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்திருந்தால் வெறும் 'க்ரை' போடலாம், நீ பார்க்கும்போது நடந்துகொண்டிருந்தது, முடிவைப் பார்க்கவில்லை என்றால் 'இங்' சேர்க்க வேண்டும் என்றேன். கொஞ்சநேரம் யோசித்தான். "தண்ணி குடிக்கப் போனேன் அப்புச்சி. பார்த்துட்டு ரூமுக்கு வந்துட்டேன்" என்றான். "அப்படின்னா இங்தான் சாமி" என்றேன். வெரிகுட் என்றும் சொன்னேன். வேறென்ன சொல்வது?

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றும் கேட்கவும் இல்லை. அவர் கோபம் வந்தால் பேசாமல் இருக்கிற ஆள் என்று சம்பந்தியம்மாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று சொல்லவில்லை.

நாலு நாளாகத் தூக்கம் இல்லை. படுத்தால் இந்த வினைச்சொற்கள்தான் ஓடுகின்றன. இங்கிலீஷ்காரன் மேக், ஹேவ், கெட் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறான். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'வை'. படிக்க வைத்தேன், சாப்பிட வைத்தேன், சம்மதிக்க வைத்தேன், அழ வைத்தேன். பெண்பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பத்தாவதில் இங்கிலீஷில் 96 வாங்கினாயே, அந்த மார்க்கை இன்றைக்கும் சொல்கிறேன். அந்த 'வை'க்குள் எத்தனை இருக்கிறது என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

'விடு' இன்னும் மோசம். போக விட்டேன் என்றால் லெட். ஆனால் ஆளை விட்டுச் சொன்னேன் என்றால் அது ஹேவ்.

2011-இல் உனக்குக் கோயமுத்தூரில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்ட ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில்தான் இந்தச் சம்பந்தம் வந்தது. நான் உன்னை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, அவளேதான் சரி என்றாள் என்று இத்தனை வருஷமாகச் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வற்புறுத்தவில்லை, வாஸ்தவம். காங்கயத்து அத்தையை வரச் சொல்லிப் போன் பண்ணியவன் நான். என்ன பேச வேண்டும் என்று வாய்க்கால் மேட்டில் நின்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். என் ரத்தக்கொதிப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் நான்தான். அத்தை ரெண்டு ராத்திரி உன்னோடு படுத்து, மூன்றாம் நாள் காலையில் "புள்ள சரிங்கறா" என்று வந்து சொன்னாள்.

பவணந்தி நம்ம சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். அவர் நன்னூலில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், ஈரேவல். செய்வி என்றால் ஏவல். செய்விப்பி என்றால், ஒருவரை ஏவி அவரைக் கொண்டு இன்னொருவரை ஏவுவது. பரீட்சைக்கு வரும் என்று மனப்பாடம் பண்ணியது. நானே அதைச் செய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, விட்டதாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் நிச்சயத்துக்கு, அந்த உப்புச்சக்கரைக்கு, முந்தின ராத்திரி தடப்பள்ளி வாய்க்காலில் நம்ம தண்ணி முறை. மடை மாற்றிவிட்டு வரும்போது மணி இரண்டு இருக்கும். உன் ஜன்னல் வழியாகத்தான் வந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டேன். கொஞ்சநேரம் நின்றேன். அப்புறம் கட்டுத்தரைப் பக்கம் போய், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டுக்கு. உள்ளே உன் அழுகை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பையன் மாதிரி நானும் 'இங்' போட்டுத்தான் எழுத வேண்டும். அவனுக்காவது வயது பதினொன்று.

பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், மஞ்சள் மூட்டை அடுக்க என்றேன். நீயும் பையனும் எப்போது கிளம்பினாலும், மும்பையிலிருந்து அந்தக் குர்லா வண்டி எந்நேரத்துக்கு வந்தாலும், ஈரோடு ஸ்டேஷனில் நான் நிற்பேன். மாப்பிள்ளையோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை அத்தையைக் கூப்பிடமாட்டேன்.

பணம் வேண்டுமானால் சொல். மஞ்சள் விற்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, கையில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதம் கிடைத்ததும் பையனைப் போன் பண்ணச் சொல். வேண்டாம், நீயே பண்ணு.

அப்பா