ஊர்வம்பு இல்லடி, செல்வி

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் ஹோமைப் பற்றிப் புகார் கொடுத்ததைக் கேட்டு, அன்று போனில் "உனக்கு எதுக்குடி ஊர்வம்பு?" என்று கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் ஹோமில் ஒரு பாட்டி, தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, சார்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு நைட் டியூட்டியில் இரண்டு மணிக்கு அந்த அறைக்குப் போனேன். சார்ட்டில் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் சேர்த்தே கையெழுத்து விழுந்திருந்தது! பாட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எட்டணா அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் எப்படி ஆரம்பிக்கும் என்று நாம் சேர்ந்துதானே படித்தோம்.

மேனேஜரிடம் சொன்னேன். "ஆள் பற்றாக்குறை, பார்க்கலாம்" என்றார். போகிறபோக்கில், "உன் விசா நம்ம ஸ்பான்சர்ஷிப்தானே?" என்று ஒரு கேள்வி. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர், அதாவது இந்த ஹோம், கைவிட்டால் பொதுவாக 60 நாள்தான் தருவார்கள். அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏஜென்டுக்காக வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை.

இங்கே 1998-லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. பொதுநலனுக்காகத் தவறை வெளியே சொன்னவரை அதற்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றாலும் பாதுகாப்பு உண்டு. ஆனால் தீர்ப்பாயத்துக்குப் போவதெல்லாம் வேலை போன பிறகுதானே? வழக்கு முடியும்வரை அந்த 60 நாள் காத்திருக்குமா?

பிரிஸ்டல் பக்கம் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கானது. அங்கே நடந்த அடி உதையை டெரி பிரையன் என்ற சீனியர் நர்ஸ் நிர்வாகத்திடம் சொன்னார், கண்காணிக்கும் ஆணையமான சிக்யூசி-யிடமும் சொன்னார். யாரும் அசையவில்லை. 2011-இல் பிபிசி ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் நாடே பதறியது. 11 பேர் குற்றவாளிகள், ஆறு பேருக்குச் சிறை. ஒரு நர்ஸ் சொன்னபோது காதில் விழாதது டிவியில் வந்ததும் விழுந்ததே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

சரி, நான் என்ன செய்தேன்? வாயால் சொன்னதையே மேனேஜருக்கு ஈமெயிலாக அனுப்பினேன், தேதி, நேரத்தோடு. பத்து நாள் பதில் இல்லை. அப்புறம் உள்ளூர் கவுன்சிலில் இப்படிப்பட்டவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் சேஃப்கார்டிங் பிரிவுக்கும் சிக்யூசி-க்கும் எழுதினேன். பெயர் சொல்லாமலும் எழுதலாம், ஆனால் அந்த ராத்திரி அங்கே இருந்தது நாங்கள் இரண்டே பேர். மறைத்து என்ன பயன்?

வந்து விசாரித்தார்கள். பாட்டிக்குக் காற்று மெத்தை வந்துவிட்டது. என் வேலை இதுவரை இருக்கிறது. கையெழுத்துப் போட்டவள்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொல்லத்துக்காரி, அவளுக்கும் கடன், அவளுக்கும் இதே விசா. அன்றைக்கு அவள் தலையில் மட்டும் பதினெட்டு பேர். ஈமெயிலில் அதையும் எழுதியிருந்தேன், அது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நைட் மறுபடியும் அவளும் நானும்தான். பாட்டியைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும்.

அன்புடன்,
ஜெயா