ஆட்டு மந்தையும் ஆயிரத்தில் ஒரு நொடியும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் சந்தோஷம். நீ பார்த்துச் சிரித்ததாக எழுதிய வீடியோ, 2014இல் சோச்சி ஒலிம்பிக் பயிற்சி ஓட்டத்தில் எடுத்தது. இந்திய வீரர் சிவ கேசவன் லூஜ் வண்டியிலிருந்து (மல்லாந்து படுத்தபடி பனிப்பாதையில் சறுக்கிப்போகும் சிறு வண்டி) நழுவுகிறார், ஆனால் வண்டியை விடாமல் மறுபடி ஏறிப் படுத்துக்கொள்கிறார். அது வித்தை காட்டல் இல்லையப்பா. வண்டியோடு சேர்ந்து முடிவுக்கோட்டைத் தாண்டினால்தான் ஓட்டம் கணக்கில் வரும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியது.

மணாலிக்காரர். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் 16 வயதில் இறங்கி 28ஆம் இடம். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். 2011இல் ஆசியக் கோப்பைத் தங்கமும் உண்டு. ஆனால் ஊர் அறிந்ததென்னவோ இந்த வீடியோவும், இமயமலைச் சாலையில் சக்கரம் பூட்டிய வண்டியில் பயிற்சி எடுக்கும்போது ஆட்டு மந்தைக்குள் புகுந்து போகும் இன்னொன்றும்தான்.

அந்தச் சக்கரத்தில்தான் சங்கதியே இருக்கிறது. லூஜ் வண்டியில் முன்னால் வளைந்த, சறுக்கிப்போகும் இரண்டு நீளக் கட்டைகளான ஓடுகால்கள், அவற்றின் அடியில் எஃகு, இரண்டையும் இணைக்கும் பாலங்கள், மேலே இருக்கை, அவ்வளவுதான். பிரேக் கிடையாது. வலப்பக்கம் திரும்ப இடது கெண்டைக்காலால் இடது ஓடுகாலை உள்நோக்கி அழுத்தி, எதிர்த் தோளால் இருக்கையை அமுக்கவேண்டும். தார்ச்சாலையில் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும், கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் மன்னித்துவிடும். பனியில் எஃகு பக்கவாட்டில் வழுக்கும். வழுக்கினால் வேகம் போச்சு, சுவரிலும் உரசும். பயந்து தாமதமாக அழுத்தினாலோ, வளைவை விட்டு வெளியேறும் கோணம் தப்பி அடுத்த வளைவும் கெடும்.

புறப்பாட்டையும் சாலையில் முழுதாகப் பழக முடியாது. கைப்பிடிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, உந்தித் தள்ளி, ஆணி பதித்த கையுறையால் பனியைத் துழாவி வேகம் ஏற்றவேண்டும். அங்கே விட்ட சில நூறில் ஒரு பங்கு நொடி கீழே போகப் போகப் பெருகும். நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கும் விளையாட்டு இது.

பியோங்சாங் 2018 ஒலிம்பிக்கில் கேசவன் எடுத்த நேரக் கணக்கை நொடியில் பார்: முதல் ஓட்டம் 50.578, இரண்டாவது 48.900, மூன்றாவது 48.710. பாதை பிடிபடப் பிடிபட நேரம் இறங்கியிருக்கிறது. ஆனால் நான்காவது ஓட்டம் முதல் 20 பேருக்குத்தான். இவர் 34ஆம் இடத்தில் நின்றார். அன்று ஜெர்மனியில் மட்டும் நான்கு செயற்கைப் பனிப்பாதைகள் இருந்தன, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. பாதை இருந்தாலும் தப்பு வராது என்றில்லை. 2010, 2014 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக், அதே பியோங்சாங்கில் மூன்று ஓட்டம் வரை முதலிடத்தில் இருந்து, கடைசி ஓட்டத்தில் ஒன்பதாவது வளைவில் வழுக்கி ஐந்தாம் இடத்துக்குப் போனார். தங்கம் ஆஸ்திரியாவின் டேவிட் கிளெய்ர்ஷருக்கு.

சோச்சியில் கேசவனுக்குத் தேசியக் கொடியும் இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்தது. தடை நீங்கிய பிப்ரவரி 11க்குள் அவர் போட்டி முடிந்துவிட்டது. அர்ஜுனா விருது வந்ததும் 2020இல், ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து!

ஆட்டு மந்தை வீடியோவை மறுபடி போட்டுப் பார். ஆடுகளை விட்டுவிட்டு அவர் கால்களைக் கவனி. பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி