'இதர கட்டணம்' என்றால் என்ன? பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோருக்கும்,

வணக்கம்.

பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்வுக் கட்டணம், அரியர், மறுமதிப்பீடு, பட்டச் சான்றிதழ் என்று உங்கள் இணையதளத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி என் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 30 ரூபாய் வாங்குகிறேன். ரசீது கேட்டால் கொடுப்பேன்; எதற்கு வாங்கினாய் என்று கேட்டால் பதிலும் சொல்வேன்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய கட்டண உயர்வு சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியதும் நான்தான். "நிர்வாகச் செலவினங்கள் கணிசமாக உயர்ந்துள்ளதால்" என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்காரவைத்தது. எந்தச் செலவு? எவ்வளவு உயர்ந்தது? சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்களிடம் வாங்கும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் கணக்கைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். நான் முக்கியமாகக் கேட்பது அதுதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா என் கடைக்கு வருவார். கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும். விரலில் துணி சுற்றி, அதன்மேல் ரப்பர் உறை மாட்டிக்கொண்டுதான் மூழ்கிப் பிய்ப்பார்கள். அப்படியும் விரல் நுனி கிழியும். ரேகை வைக்கிற மிஷினில் அந்த அக்காவின் கட்டைவிரல் ஒரு தடவையில் விழுந்ததே இல்லை. நானும் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வேன். நாலாவது, ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரியும்.

அவர் மகள் 2023-இல் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. போன வருடம் மே மாதம் பட்டச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வந்தார்கள். மே மாதம் எங்கள் கரையில் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாசி எடுக்கிற பெண்களும் அந்தச் சமயத்தில் கடலுக்குள் இறங்காமல் நிறுத்திவைப்பார்கள். வீட்டில் வரும்படி என்று ஒன்று இருக்காது. அந்த அக்கா பிளாஸ்டிக் கவரில் மடித்து எடுத்துவந்த 850 ரூபாயில் பத்து ரூபாய்த் தாள்கள்தான் அதிகம். கட்டணப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். சான்றிதழ்க் கட்டணம், அஞ்சல் கட்டணம், கடைசியில் இதர கட்டணம்.

"இதரம்னா என்ன தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக அந்த வரியைப் பார்க்கிறேன்; கேட்கவேண்டும் என்றே தோன்றியதில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

பணம் போனது. என் கணக்கில் கழிந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் மட்டும் 'நிலுவை' என்றே நின்றது. ஒரு வாரம் பார்த்தோம், மின்னஞ்சல் அனுப்பினோம், தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளை மூன்று பஸ் மாறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். "பணம் எங்கள் கணக்கில் ஏறவில்லை, வங்கியில் கடிதம் வாங்கி வா" என்றார்கள். வங்கியில் கேட்டால், பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, அங்கேதான் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தோடு இரண்டாம் தடவை வந்தாள். சம்பந்தப்பட்ட பிரிவு அலுவலர் விடுப்பு. மூன்றாம் தடவை வந்தபோது ஜன்னலில் இருந்தவர் மெதுவாகச் சொன்னாராம்: "இன்னொரு தடவை கட்டிடும்மா, அதுதான் சுலபம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பதிலேயே உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கட்டினோம். மறுபடியும் 850. அதில் மறுபடியும் இதரம்.

அப்புறம் துணைவேந்தர் இல்லை, அவருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் கன்வீனர் குழுவின் கையெழுத்து வரவேண்டும், பட்டமளிப்பு விழாவுக்குத் தேதி வரவேண்டும் என்று மாதங்கள் போயின. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அசல் சான்றிதழைக் காட்ட 30 நாள் கொடுத்தார்கள். தற்காலிகச் சான்றிதழின் தேதியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் தாண்டியும் அசல் இல்லையா?" என்று கேட்டார்களாம். வேலை வேறு ஆளுக்குப் போனது. இப்போது அம்மாவோடு பாசிக்குப் போகிறாள்.

முதலில் கட்டிய 850 ரூபாய் எங்கே? உங்களுக்கு அது சின்னத் தொகை. அதனால்தான் கேட்கிறேன். சின்னத் தொகைக்கே கணக்கு இல்லை என்றால் பெரிய தொகைக்கு என்ன இருக்கும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதிப் போட்டேன். 'இதர கட்டணம்' தலைப்பில் மூன்று ஆண்டுகளில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதுதான் கேள்வி. 30 நாளில் வரவேண்டிய பதில் 41-ஆம் நாள் வந்தது: "கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை." அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே பொது அமைப்புகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரன் படித்திருக்கிற பிரிவைப் பல்கலைக்கழகம் படிக்காமலா இருக்கும்?

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி நடத்தக்கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டுப்பாடு போட்ட பிறகு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் அதில் வந்துகொண்டிருந்த வருமானம் வற்றிவிட்டது. ஓய்வூதியச் சுமை வருடா வருடம் ஏறுகிறது. உங்கள் கணக்கைப் பார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் ஆட்சேபணைகள் தீராமல் குவிந்தால் அரசு மானியத்துக்கும் சிக்கல். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சரி, பணமில்லை என்றால் பணமில்லை என்று சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் அது புதுச் செய்தி இல்லை. இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இவ்வளவு குறைகிறது, அதனால் கூட்டுகிறோம் என்று எழுதினால் முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுவோம்.

துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சண்டை பற்றியும் ஒரு வார்த்தை. அந்த அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது 2022 ஏப்ரலில். ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2025 ஏப்ரல் 8-இல். மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் வேந்தர் யார், இணைவேந்தர் யார் என்று கேட்டு இந்தத் தீவில் ஒருவரும் என் கடைக்கு வந்ததில்லை. சான்றிதழ் எப்போது வரும் என்றுதான் வருகிறார்கள். 2022 டிசம்பரில் எங்கள் பழைய ரயில் பாலத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் கடல் நடுவே 72.5 மீட்டர் நீளப் பாலத் துண்டைச் செங்குத்தாக மேலே தூக்கிக் காட்டிவிட்டார்கள். ஒரு பேனாவைத் தூக்குவதற்கு என்ன கிரேன் வேண்டும் என்று சொன்னால் ஏற்பாடு செய்யலாம்.

மன்னிக்கவும். மரியாதையாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் கரையில் படகு வந்ததும் என்ன நடக்கும் தெரியுமா? மீன் எடை போட்டு விற்றதும், கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, டீசலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். சண்டை வராது என்று சொல்லவில்லை. வரும், சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வரும். ஆனால் சண்டை போட அங்கே ஒரு கணக்கு இருக்கும். 'இதரம்' என்று எந்தப் படகுக்காரராவது ஒரு தொகையைக் கழித்துப் பார்க்கட்டும், அடுத்த நாள் அவர் படகில் ஏற ஆள் இருக்காது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரே படகு.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டணத் தலைப்பிலும் வந்ததையும் போனதையும் தமிழில் வெளியிடுங்கள். அது வெளியாகும்வரை புதிய கட்டணத்தை நிறுத்திவையுங்கள். இரண்டு தடவை கட்டியவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். என் கடையில் மட்டும் அப்படி 11 பேர் இருக்கிறார்கள், பெயரும் பரிவர்த்தனை எண்ணும் எழுதி வைத்திருக்கிறேன். முடிந்தால் மாதம் ஒரு நாள் ராமநாதபுரத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடைசியாகச் சொன்னது நடக்காவிட்டாலும் பரவாயில்லை, பஸ் ஏறிக்கொள்கிறோம். கணக்கு மட்டும் வேண்டும்.

அந்த அக்கா நேற்றும் வந்திருந்தார். சின்ன மகன் இந்த வருடம் கல்லூரியில் சேர்கிறான். சுவரில் இருந்த சுற்றறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். இதர கட்டணம் 50 ரூபாய் கூடியிருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பாம்பன் ஜெராக்ஸ் கடைக்காரன்

இணைப்பு: 850 ரூபாய் ரசீதுகள் இரண்டின் நகல்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.