ஓசிப் படம்

சேகரு,

ஆறு மாதமாக உன் போனை எடுக்கவில்லை, திட்டிக்கொள். முட்டி வலி, மகள் கல்யாணப் பேச்சு எல்லாம் நேரில் சொல்கிறேன். இது வேறு.

போன வாரம் மகன் தாய்லாந்துக் காஞ்சனபுரிக்குக் கூட்டிப்போனான், ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை போகிற ஊர். அவனுக்கு அந்தக் குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கணும். எனக்கோ உன் பாட்டி ஞாபகம். திடலில் வெள்ளைத் திரை கட்டினாலே போதும், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் துடைப்பத்தோடு நிற்குமே, "ஓசிப் படம்னா போகாதீங்கடா, லாரியில ஏத்திருவான்" என்று. நாம் பின்பக்கமாகச் சாக்கடையைத் தாண்டி ஓடிப் படம் பார்த்துவிட்டு வந்து, "பாட்டி, லாரி வந்துருச்சு!" என்று கத்துவோம். என்னைவிட நீதான் அதிகம் கத்தினாய், மறுக்காதே.

கிழவி உளறவில்லைடா. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான், அங்கிருந்த படைக்கு அரிசியும் குண்டும் போய்ச் சேரணும், கடலில் நீர்மூழ்கி பயம். அதனால்தான் சயாமிலிருந்து, அதான் இப்போதைய தாய்லாந்து, பர்மாவுக்குக் காட்டையும் பாறையையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942-இல் ஆரம்பித்து 43 அக்டோபரில் முடித்தே விட்டான். கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 60,000 பேர் போதவில்லை. இங்கே மலாயாவில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டத்தில் அரிசிக்கே வழியில்லை. மூணு மாச வேலை, தினக் கூலி, சாப்பாடு என்றால் யார்தான் போகமாட்டார்கள்? அப்புறம் ஆள் சேராதபோது இலவசப் படம் என்று கூட்டி, சுற்றி வளைத்து, அப்படியே ரயிலில் அடைத்திருக்கிறான்.

ஊருக்கு நடுவில் சிப்பாய்களின் கல்லறை. கிட்டத்தட்ட 7,000 பேர், புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, பலகையில் பேர், வயசு, படைப்பிரிவு. 22, 24 என்று படிக்கும்போது அவர்கள்மேல் கோபம் வரவில்லை, பாவம். ஆனால் அவர்கள் முகாமில் டாக்டர் இருந்தார், செத்தவன் பேரை ஒளித்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. நம்மவர்கள் காலராவில் கூடாரம் கூடாரமாகச் செத்திருக்கிறார்கள், கணக்கு எழுத ஒருத்தன் இல்லை. மொத்த ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் எத்தனை என்பதையே இன்றுவரை பத்தாயிரக்கணக்கில்தான் உத்தேசமாகச் சொல்கிறார்கள்.

ஊதுபத்தி வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். பற்றவைத்துவிட்டு யார் பேரைச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். உன் தாத்தா நமக்கு எப்போதும் 'சயாமுக்குப் போனவர்'தானே.

சித்தியவானில் இருக்கிற அத்தை இன்னும் தெளிவாகப் பேசுகிறார்களா? இந்த வாரமே போய்க் கேள். தாத்தா பேர், அவர் அப்பா பேர், எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள், எல்லாம். எழுதி வாங்கிக்கொண்டு போன் பண்ணு, இந்தத் தடவை எடுக்கிறேன்.

— மணி