மரச்சீனி வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பக்கத்தை நான் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் அதில் மரவள்ளிக்கிழங்கு மசியலுக்கு ஒரு செய்முறை வெளியாகியிருந்தது. கிழங்கைத் தோல் சீவி, குக்கரில் ஒரு குவளைத் தண்ணீரோடு மூன்று விசில் வரும் வரை வேகவைத்து, சத்து வீணாகாமல் இருக்க அந்தத் தண்ணீரோடு சேர்த்தே மசித்துத் தாளிக்கும்படி அதில் எழுதியிருந்தார்கள். கீரைக்கும் முருங்கைக்காய்க்கும் இது நல்ல யோசனைதான். மரவள்ளிக்கு இப்படிச் செய்வது ஆபத்து என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் களியக்காவிளைக்குச் சற்றுத் தெற்கே, கேரள எல்லையிலிருந்து நடந்து போகும் தொலைவில் வசிக்கிறேன். எங்கள் விளவங்கோடு வட்டம் முன்பு திருவிதாங்கூரையும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்ததாக இருந்தது. இங்கே இந்தக் கிழங்குக்குப் பெயர் மரச்சீனி. வீட்டை ஒட்டிய விளையில் நாலு மூடு மரச்சீனி நடாத குடும்பத்தை என் இளமையில் நான் பார்த்ததில்லை. அந்தச் செய்முறை வெளியான அன்று காலையிலேயே, சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் ஊர்ச் சந்தையில் இதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். "அம்மா, நீங்க தண்ணிய வடிச்சுக் கொட்டுவீங்களே, பேப்பர்ல கொட்ட வேண்டாம்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள். "மக்களே, கொட்டாம திங்கக் கூடாது" என்று சொன்னேன். எனக்கு என் தாயும், அவளுக்கு அவள் தாயும் சொல்லித் தந்தது அவ்வளவுதான். ஏன் என்பதை நானும் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மரவள்ளிக்கிழங்கில் லினமரின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் திசுக்கள் உடைந்து, அதுவரை தனியாக இருந்த ஒரு நொதி லினமரினோடு சேருகிறது. அப்போது ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. லினமரின் தண்ணீரில் கரையக்கூடியது. சயனைடோ ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகிவிடக்கூடியது. ஆகவே நிறையத் தண்ணீரில், மூடாத பாத்திரத்தில் கிழங்கை வேகவிட்டால் ஒரு பங்கு ஆவியோடு போகிறது. மறு பங்கு தண்ணீரில் இறங்கி, வடிக்கும்போது வெளியேறுகிறது. மூடிய குக்கரில் குறைந்த தண்ணீரில் வேகவைத்து, அதையும் சேர்த்து மசித்தால் இவ்விரண்டு வழிகளும் அடைபட்டுப் போகின்றன. அதைச் சாப்பிட்டவருக்குத் தலைசுற்றல், தலைவலி, வாந்தி வரலாம். நஞ்சின் அளவு கூடினால் உயிருக்கே கேடு. எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் இந்த நஞ்சுக்குக் 'கட்டு' என்றே தனிப் பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆட்டை அவிழ்த்து விடும்போதுகூட மரச்சீனி இலையைக் கடிக்காத தூரத்தில்தான் விடுவார்கள், ஏனென்றால் இலையிலும் இந்த நஞ்சு இருக்கிறது.

எல்லாக் கிழங்கிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. சமைத்து உண்பதற்கென்று எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் பேர் பெற்றது எம்-4 என்ற இரகம். அதில் கசப்பு குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட எச்-226 போன்ற இரகங்களைச் சேலம் பகுதியில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்காகப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். ஆலைக்கென்று விளைந்தது சில வேளைகளில் காய்கறிச் சந்தைக்கும் வரலாம். தோலைப் பார்த்து இரகம் கண்டுபிடிக்க நகரத்து வாசகர்களால் இயலாது. எந்தக் கிழங்கு என்று தெரியாத இடத்தில் தண்ணீரை வடிப்பது ஒன்றே கையிலிருக்கும் காப்பு.

எங்கள் வீட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். கிழங்கின் மேல் உள்ள மெல்லிய பழுப்புத் தோலை மட்டும் சீவினால் போதாது. அதன் அடியில் வெளிர்ச் சிவப்பாக ஒரு தடித்த தோல் உண்டு. நஞ்சு அதில்தான் கூடுதல். கிழங்கின் நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, முனையை உள்ளே செலுத்தி நெம்பினால், அந்தத் தோல் பாய் சுருள்வதுபோல் இரண்டு தோல்களுமாய்ச் சேர்ந்து கழன்று வரும். உள்ளே நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் அந்தக் கிழங்கை விட்டுவிட வேண்டும். பறித்து இரண்டு மூன்று நாள் ஆனாலே அப்படி ஆகிவிடும். பிறகு துண்டாக்கி, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, துண்டுகளுக்கு மேல் நாலு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட வேண்டும். வெந்து விரிந்ததும் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டு, அதன் பிறகே உப்புச் சேர்ப்போம். தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், காந்தாரி மிளகாய் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துப் போட்டு, அடுப்பில் வைத்தபடியே மரத்துடுப்பால் மயக்கி எடுத்தால், சாளை மீன் குழம்போடு சாப்பிட அதற்கு ஈடான உணவு வேறு இல்லை. சுவை சிறிதும் குறையாது என்பதற்கு இம்மாவட்டம் முழுவதும் சாட்சி.

இஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று எங்கும் நம்புகிறார்கள். தங்கள் பக்கத்தில் வந்த செய்முறையும் 'இஞ்சி சேர்க்கக் கூடாது' என்று கவனமாக எச்சரிக்கிறது. இஞ்சியை விலக்குவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நஞ்சு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. இஞ்சியை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டவர், தாம் எச்சரிக்கையாக இருந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்.

தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்த பயிர் இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக இதைப் பரப்பினார். மக்களின் அச்சம் தீர அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லித் தாம் உண்டு காட்டினார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வரும் அரிசி நின்றபோது, திருவிதாங்கூர்க் குடும்பங்களை மரச்சீனிதான் காப்பாற்றியது. காலையும் இரவும் இதையே உண்டு வளர்ந்த என் பாட்டி, இது வெந்த தண்ணீரைக் கோழிக்குக்கூட ஊற்ற விடமாட்டார். அவ்வளவு பழகிப்போனதால்தான் இந்தப் பக்கத்தில் யாரும் செய்முறை சொல்லும்போது 'தண்ணீரைக் கொட்டு' என்று தனியாகச் சொல்வதில்லை. சோறு வடிக்கச் சொல்பவர் உலையில் தண்ணீர் வை என்று சொல்லாதது போலத்தான் இதுவும். கேட்டு எழுதுகிறவர் வேறு ஊர்க்காரராக இருந்தால், சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி அச்சில் வராமலே போய்விடுகிறது. தங்கள் செய்முறையிலும் அப்படித்தான் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுதியவர் மீது எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஆகவே வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உள்பக்கத்து மூலையில் சிறிய எழுத்தில் வரும் திருத்தத்தைச் சமையல் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்பவர்கள் பார்ப்பதில்லை. அதில் மரவள்ளி, மரச்சீனி, குச்சிக்கிழங்கு, கப்பை என்று எல்லாப் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். மரவள்ளி என்ற ஒரு பெயரை மட்டும் போட்டால், எங்கள் பக்கத்துப் பெண்களில் பலருக்கும் அது தங்கள் வீட்டுக் கிழங்கைப் பற்றியது என்றே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.